பொதுவிடத்தில் பிள்ளைகள்: பொறுப்பு யாருடையது?

 



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவனது அருளும் சாந்தியும் எங்கள் தலைவர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

ரமழான் மாதம் வந்துவிட்டால் நமது பள்ளிவாசல்களில் ஒரு பழைய வழக்கு மீண்டும் எழுவதைக் காண்கிறோம். தறாவீஹ் தொழுகையின்போது பின்வரிசைகளில் நிற்கும் சிறுவர்கள் சிரிப்பார்கள், ஓடுவார்கள், ஒருவரையொருவர் தள்ளிவிடுவார்கள். இமாம் ஸலாம் கொடுத்த மறுகணமே முதியவர் ஒருவர் எழுந்து அவர்களை அதட்டுவார். அதட்டப்பட்ட பிள்ளையின் தந்தைக்கு அது மானப் பிரச்சினையாகிவிடும். பிள்ளைகள் என்றால் அப்படித்தான் என்பார் தந்தை. அப்படியானால் பிள்ளையை வீட்டிலேயே வைத்திருங்கள் என்பார் முதியவர். இதே வழக்கு கல்யாண மண்டபத்திலும், ஆஸ்பத்திரி வாட்டிலும், பஸ்ஸிலும், கடைத்தெருவிலும் வேறு வேறு வடிவங்களில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இவ்வழக்கில் இரு தரப்பினரும் மார்க்கத்தையே துணைக்கு அழைக்கின்றனர். நபி (ஸல்) அவர்கள் குழந்தைகளிடம் இரக்கம் காட்டினார்கள் என்று ஒரு தரப்பு கூறுகிறது. பள்ளிவாசலின் கண்ணியத்தைக் காக்க வேண்டும் என்று மறுதரப்பு கூறுகிறது. இரண்டும் உண்மையே. ஆயினும் ஒவ்வொருவரும் தமக்குச் சாதகமான பாதியை மட்டும் எடுத்துக்கொள்வதனாலேயே வழக்கு தீராமல் நீடிக்கிறது. நமது வரலாற்றை முதலிலிருந்து சற்று நிதானமாகப் பார்ப்போமாயின், சமூகத்தின் மீது உள்ள கடமை எது, பெற்றோரின் மீது உள்ள கடமை எது என்பது தெளிவாகும், இன்ஷா அல்லாஹ்.

மஸ்ஜிதுந் நபவியில் சிறுவர்கள்

ஹிஜ்ரத்தின் முதலாம் ஆண்டில், அதாவது கி.பி. 622இல், மதீனாவில் மஸ்ஜிதுந் நபவி கட்டப்பட்டது. மண்கற்களால் சுவர், ஈச்சமரத்தின் அடிமரங்களால் தூண்கள், அதன் மட்டைகளால் கூரை என எளிமையாக அமைந்த கட்டடம் அது. ஆனால் தொழுகை, கல்வி, தூதுக்குழுக்களின் வரவேற்பு, வறியோரின் தங்குமிடம் என அன்றைய சமூகத்தின் பொதுவாழ்வு முழுவதும் அந்தக் கூரையின் கீழேயே நடைபெற்றது. அந்தப் பொதுவிடத்தில் பெண்களும் இருந்தார்கள், கைக்குழந்தைகளும் இருந்தன, ஓடித்திரியும் சிறுவர்களும் இருந்தார்கள்.

நபி (ஸல்) அவர்கள் தமது மகள் ஸைனப் (ரழி) அவர்களின் குழந்தையான உமாமாவைச் சுமந்தவர்களாகத் தொழுகை நடத்தியதை அபூ கதாதா (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஸுஜூதுக்குச் செல்லும்போது குழந்தையைக் கீழே இறக்கி வைப்பார்கள், எழும்போது மீண்டும் தூக்கிக்கொள்வார்கள். இது புஹாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது. நீட்டித் தொழ வேண்டும் என்ற எண்ணத்துடன் தொழுகையை ஆரம்பித்து, இடையே ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் மனம் படும் வேதனையை எண்ணி அத்தொழுகையைச் சுருக்கிக்கொள்வதாகவும் அவர்கள் கூறியிருக்கிறார்கள்.

ஒரு நாள் தொழுகையில் நபி (ஸல்) அவர்களின் ஸுஜூது வழமைக்கு மாறாக நீண்டது. ஏதேனும் நேர்ந்துவிட்டதோ, அல்லது வஹீ இறங்குகிறதோ என்று தோழர்கள் எண்ணினார்கள். தொழுகை முடிந்ததும் விளக்கம் கிடைத்தது. பேரப்பிள்ளை முதுகில் ஏறியிருந்தது, அதன் ஆசை தீருமுன் அவசரப்படுத்த மனமில்லை என்று நபியவர்கள் கூறினார்கள். ஷத்தாத் இப்னுல் ஹாத் (ரழி) அவர்களின் இந்த அறிவிப்பு நஸாஈ கிரந்தத்தில் உள்ளது. மற்றொரு நாள் குத்பா நடந்துகொண்டிருக்கையில் ஹஸன், ஹுஸைன் (ரழி) இருவரும் சிவப்புச் சட்டை அணிந்து தடுக்கி விழுந்தவாறு நடந்து வந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் மிம்பரிலிருந்து இறங்கிச் சென்று இருவரையும் தூக்கி வந்து தமக்கு முன்னால் இருத்திய பின்பே குத்பாவைத் தொடர்ந்தார்கள்.

இச்சம்பவங்களை நாம் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்கத் தவறிவிடுகிறோம். இவை ஒவ்வொன்றிலும் குழந்தையின் பக்கத்தில் அதற்குப் பொறுப்பான ஒருவர் இருக்கிறார். உமாமா பாட்டனாரின் கையில் இருந்தது. தடுக்கி விழுந்த பிள்ளைகளைத் தூக்குவதற்குப் பாட்டனாரே இறங்கி வந்தார்கள். நீண்ட ஸுஜூதுக்கான காரணத்தைச் சபையோருக்கு அவர்களே எடுத்துரைத்தார்கள். பிள்ளையைக் கூட்டத்தில் விட்டுவிட்டு, கூட்டமே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்கிய நிகழ்ச்சி இவற்றில் ஒன்றுமில்லை.

விட்டுக்கொடுத்ததும் விட்டுக்கொடுக்காததும்

அன்புக்குரியவர்களே! முதுகில் ஏறியபோது அசையாது காத்திருந்த அதே பாட்டனார், வேறொரு சந்தர்ப்பத்தில் எவ்வாறு நடந்துகொண்டார்கள் என்பதையும் பாருங்கள். ஸதகாவாக வந்திருந்த பேரீச்சம்பழங்களில் ஒன்றைச் சிறுவர் ஹஸன் (ரழி) எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நபி (ஸல்) அவர்கள் உடனே தடுத்து, அதனைத் துப்பிவிடுமாறு செய்தார்கள். நாம் ஸதகாப் பொருளை உண்பதில்லை என்பது தெரியாதா என்றும் கேட்டார்கள். இதனை அபூ ஹுரைரா (ரழி) அறிவிக்க, புஹாரி பதிவு செய்துள்ளார்.

ஒரேயொரு பழம்தான். எடுத்ததும் ஒரு பச்சிளம் பாலகன்தான். ஆனால் அது அக்குடும்பத்துக்கு ஆகுமாக்கப்படாத பொருள், வறியோருக்குரிய பொருள். நபி (ஸல்) அவர்கள் தமது வசதியைக் குழந்தைக்கு விட்டுக்கொடுத்தார்கள். பிறரின் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. முதுகு தம்முடையது, பழம் பிறருடையது. இவ்விரு சம்பவங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் பெற்றோருக்குப் பொதுவிடத்தில் பிள்ளையை எங்கே பொறுத்துக்கொள்வது, எங்கே தடுத்து நிறுத்துவது என்பது விளங்கிவிடும்.

தடுக்கும் முறையையும் அவர்களிடமே கற்க வேண்டும். அவர்களது வீட்டில் வளர்ந்த உமர் இப்னு அபீ ஸலமா (ரழி) என்ற சிறுவரின் கை, உணவுத் தட்டின் எல்லாப் பக்கமும் சுற்றித் திரிந்தது. அல்லாஹ்வின் பெயரைச் சொல், வலக்கையால் உண், உனக்கு அருகில் உள்ளதை உண் என்ற பொருளில் மூன்றே விடயங்களை அவர்கள் கூறினார்கள். அன்று முதல் தாம் உண்ணும் முறை அதுவாகவே இருந்தது என்று அந்தச் சிறுவரே பிற்காலத்தில் அறிவிக்கிறார். ஓர் ஏச்சு இல்லை, ஓர் அடி இல்லை. ஆனால் சொல்லாமல் விட்டதும் இல்லை.

கல்லெறிந்த சிறுவரும் கேலி செய்த வாலிபரும்

வீட்டுப் பிள்ளைகளிடம் இரக்கம் காட்டுவது எளிது. வீதியில் தொல்லை தரும் அந்நியப் பிள்ளையிடம் எவ்வாறு நடப்பது என்பதே கடினமான சோதனை. அதற்கும் வரலாற்றில் விடை உண்டு.

ராபிஃ இப்னு அம்ர் அல் கிஃபாரி (ரழி) அவர்கள் சிறுவராக இருந்த காலத்தில் அன்ஸாரிகளின் பேரீச்ச மரங்களுக்குக் கல்லெறிந்து வந்தார். தோட்டக்காரர்கள் அவரைப் பிடித்து நபி (ஸல்) அவர்களிடம் கொண்டு வந்தார்கள். ஏன் கல்லெறிகிறாய் என்று நபியவர்கள் வினவினார்கள். உண்பதற்காக என்று சிறுவர் விடையளித்தார். கல்லெறிய வேண்டாம், மரத்தின் கீழே விழுந்து கிடப்பதை எடுத்து உண் என்று கூறி, அவரது தலையைத் தடவி, அவரது வயிற்றை நிரப்புமாறு அல்லாஹ்விடம் துஆச் செய்தார்கள். அபூதாவூத், திர்மிதி முதலிய கிரந்தங்களில் இச்சம்பவம் காணப்படுகிறது. தோட்டக்காரரின் மரமும் காக்கப்பட்டது, சிறுவரின் பசியும் கவனிக்கப்பட்டது. தீர்ப்புக்கு முன்னே ஒரு கேள்வி கேட்கப்பட்டது என்பதே இதிலுள்ள பெரும் பாடமாகும். குழப்பம் விளைவிக்கும் பிள்ளைக்குப் பசியாக இருக்கலாம், தூக்கமாக இருக்கலாம், நீண்ட நேரம் அமர்ந்திருக்கும் வயது வராதிருக்கலாம். காரணத்தை அறியாத தண்டனை குற்றத்தைத் தீர்ப்பதில்லை.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில், கி.பி. 630இல், ஹுனைன் யுத்தம் முடிந்து திரும்பும் வழியில் நடந்த சம்பவம் வாலிபர்களுக்கு உரியது. முஸ்லிம்களின் முஅத்தின் அதான் சொல்லும் ஓசையைக் கேட்ட மக்கத்து வாலிபர் சிலர், அதனைப் போலவே உரக்கக் கூவிக் கேலி செய்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அவர்களை அழைப்பித்து, உயர்ந்த குரல் யாருடையது என்று விசாரித்தார்கள். அனைவரும் அபூ மஹ்தூரா என்பவரைச் சுட்டிக்காட்டினார்கள். மற்றவர்களை அனுப்பிவிட்டு, அவரை மட்டும் நிறுத்தி, அதானின் வாசகங்களை ஒவ்வொன்றாக நபியவர்களே கற்றுக் கொடுத்தார்கள். வெள்ளி நாணயங்கள் கொண்ட ஒரு பையையும் கொடுத்து, அவரைத் தடவி பரக்கத்துக்காகத் துஆச் செய்தார்கள். அதுவரை தம் உள்ளத்தில் இருந்த வெறுப்பு அக்கணமே அன்பாக மாறியதென அபூ மஹ்தூரா (ரழி) கூறுகிறார். மக்காவில் அதான் சொல்லும் பொறுப்பை அவரே கேட்டுப் பெற்றார். கேலி செய்த குரல், கஃபாவின் அருகில் மக்களைத் தொழுகைக்கு அழைக்கும் குரலாயிற்று.

அந்த வாலிபர் அன்று அடித்து விரட்டப்பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை ஒவ்வொரு பள்ளிவாசல் நிருவாகியும் சிந்திக்க வேண்டும். எட்டு வயதில் பள்ளிவாசலில் அவமானப்படுத்தப்பட்டு வெளியேற்றப்படும் பிள்ளை, பதினெட்டு வயதில் தானாக உள்ளே வருவான் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்?

இமாம்களின் தீர்ப்பு

காலம் செல்லச் செல்ல நகரங்கள் வளர்ந்தன, பள்ளிவாசல்கள் விரிந்தன, இந்த வழக்கும் உலமாக்களிடம் வந்து சேர்ந்தது. ஹிஜ்ரி 179இல், கி.பி. 795இல், மதீனாவில் மறைந்த இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் சிறுவர்களைப் பள்ளிவாசலுக்குக் கொண்டுவருவது பற்றிக் கேட்கப்பட்டது. பிள்ளை வீண் விளையாட்டில் ஈடுபடாமலும், தடுத்தால் அடங்குவதாகவும் இருந்தால் அதில் தவறில்லை என்றும், சிறுபிராயம் காரணமாக விளையாடிக் கொண்டிருக்குமாயின் கொண்டுவருவதைத் தாம் சரிகாணவில்லை என்றும் அவர்கள் கருத்துரைத்ததாக ‘அல் முதவ்வனா’ கூறுகிறது. வயதெல்லை எதனையும் இமாமவர்கள் வரையவில்லை. சொல் கேட்கும் பிள்ளையா என்பதே அவர்களது அளவுகோல். சொல் கேட்கும் பழக்கம் பள்ளிவாசலில் தொடங்குவதன்று, வீட்டில் தொடங்குவது.

கி.பி. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா உலூமித்தீன்’ என்ற நூலில் சற்று விரிந்த கருத்தைத் தருகிறார்கள். விளையாடாத சிறுவர்கள் பள்ளிவாசலுக்குள் வருவதில் குற்றமில்லை. எப்போதாவது விளையாடினாலும் அது ஹறாமன்று, அதைக் கண்டு மௌனமாயிருப்பதும் பாவமன்று. ஆனால் பள்ளிவாசலையே விளையாட்டுத் திடலாக வழமையாக்கிக் கொண்டால் தடுப்பது கடமையாகும். மஸ்ஜிதுந் நபவியில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாடியதை நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த சம்பவத்தை இதற்கு ஆதாரமாக அவர்கள் காட்டுகிறார்கள். ஒரு தடவை நிகழ்வது வேறு, வழக்கமாவது வேறு என்ற இந்த வேறுபாடு இன்றும் நமக்குப் பெரிதும் உதவும்.

அதே நூலில் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசும் இடத்தில், சபையில் துப்பாதிருத்தல், பிறர் முன்னிலையில் கொட்டாவி விடாதிருத்தல், பிறருக்கு முதுகு காட்டி அமராதிருத்தல் போன்ற சபை ஒழுக்கங்களைப் பிள்ளைக்குப் பழக்குமாறு இமாமவர்கள் தந்தையைப் பணிக்கிறார்கள். அத்துடன் நின்றுவிடவில்லை. ஓதிக் களைத்த பிள்ளையை விளையாட விட வேண்டும், விளையாட்டை முற்றாகத் தடுத்தால் அதன் உள்ளம் செத்துவிடும் என்றும் எச்சரிக்கிறார்கள். ஓடி விளையாட ஓரிடம் கிடைக்காத பிள்ளையே ஓடக்கூடாத இடத்தில் ஓடுகிறது என்பதை அனுபவமுள்ள எந்தத் தாயும் அறிவார்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷைஸரீ என்ற அறிஞர், சந்தைகளையும் பொதுவிடங்களையும் மேற்பார்வை செய்யும் முஹ்தஸிப் என்ற அதிகாரிக்காக ஒரு கைந்நூல் எழுதினார். சிறுவர்கள் சுவர்களில் கிறுக்குகிறார்கள், தரையை அசுத்தப்படுத்துகிறார்கள் என்பதனால் பள்ளிவாசல்களுக்குள் அவர்களுக்குப் பாடம் நடத்தக்கூடாது என்றும், ஆசிரியர்கள் வீதியோரங்களிலும் சந்தைகளின் ஓரங்களிலும் இடம் அமைத்துக்கொள்ள வேண்டும் என்றும் அதில் கூறுகிறார். பள்ளிவாசல்களிலிருந்து சிறுவர்களைத் தூரமாக்குமாறு வரும் ஓர் அறிவிப்பையே அவர் ஆதாரம் காட்டினார். இப்னு மாஜாவில் உள்ள அந்த அறிவிப்பு பலவீனமானது என்பது ஹதீஸ்கலை அறிஞர்களின் முடிவாகும். எனினும் இதிலும் ஒரு படிப்பினை உண்டு. பிள்ளைகளுக்கு ஓர் இடத்தை மறுத்தவர்கள், மாற்றிடம் ஒன்றைக் காட்டினார்கள். வெறுமனே விரட்டவில்லை.

கண்டிப்பு எல்லை மீறுவதையும் நமது முன்னோர் கண்டித்துள்ளனர். வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் (1332–1406) தமது ‘முகத்திமா’வில் இதற்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். கடுமையால் அடக்கப்படும் பிள்ளை சோம்பலையும், பொய்யையும், அடிக்கு அஞ்சி உள்ளொன்று வைத்துப் புறமொன்று காட்டும் குணத்தையும் கற்றுக்கொள்கிறது என்பது அவரது கருத்தாகும். சபையில் அடி விழும் என்பதற்காக அடங்கியிருக்கும் பிள்ளை, அடிப்பவர் இல்லாத இடத்தில் அடங்குவதில்லை.

சட்டம் நின்றுவிடும் இடம்

பிள்ளை பிறரின் பொருளை உடைத்துவிட்டால் யார் ஈடு செய்வது? பருவமடையாத பிள்ளைக்குப் பாவம் எழுதப்படுவதில்லை என்பதை நாம் அறிவோம். அதற்காகப் பொருளை இழந்தவரின் உரிமை அழிந்துவிடுவதில்லை. உஸ்மானிய ஆட்சியில் 1869க்கும் 1876க்கும் இடையில் ஹனஃபி மத்ஹபின்படி தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ சட்டக்கோவையின் 916ஆம் பிரிவு இதனைத் தெளிவாக வகுத்தது. சிறுவன் ஒருவன் பிறரின் பொருளை அழித்தால் அவனுடைய சொந்தச் சொத்திலிருந்தே ஈடு கொடுக்கப்பட வேண்டும். சொத்து இல்லையாயின் வசதி வரும்வரை காத்திருக்க வேண்டும். அவனது பொறுப்பாளரை ஈடு கட்டுமாறு நிர்ப்பந்திக்க முடியாது.

இதனைக் கேட்டு ஒரு தந்தை ஆறுதலடைய வேண்டாம். காழியின் நீதிமன்றம் பணத்தைப் பற்றி மட்டுமே தீர்ப்பளிக்கும். ஒவ்வொருவரும் பொறுப்பாளர், ஒவ்வொருவரும் தமது பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவர் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, தந்தையையும் தாயையும் குறிப்பாகவே சேர்த்துச் சொன்னார்கள். உலகச் சட்டம் தந்தையை விட்டுவிடும் இடத்தில் மறுமையின் விசாரணை அவரைப் பிடித்துக்கொள்கிறது. உடைந்த கண்ணாடிக்கு விலை உண்டு. ஆஸ்பத்திரியில் தூக்கம் கலைந்த நோயாளியின் வேதனைக்கு என்ன விலை? அதற்கு எந்தச் சட்டக்கோவையிலும் பிரிவில்லை. அங்கே தந்தையின் தக்வா ஒன்றே சட்டம்.

இன்று நம் முன் உள்ள கடமை

பெற்றோர்களே! வரலாறு நமக்குக் காட்டுவது இரண்டு பங்குகளாகும். பொறுமை சமூகத்தின் பங்கு. பயிற்சி பெற்றோரின் பங்கு. ஒருவர் தமது பங்கை மற்றவரின் தலையில் சுமத்தும்போதே பிணக்கு தோன்றுகிறது. சமூகம் பொறுத்துக்கொள்ளட்டும் என்று பெற்றோர் சொல்லக்கூடாது. பெற்றோர் முதலில் பழக்கட்டும் என்று சமூகம் கதவை அடைக்கவும் கூடாது.

பிள்ளையைப் பள்ளிவாசலுக்கு அழைத்துச் செல்லும் வாப்பா, அவனைப் பின்வரிசையில் விட்டுவிட்டுத் தாம் முன்வரிசைக்குச் செல்லாமல், தம் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்ளட்டும். புறப்படுமுன் அங்கே எப்படி இருக்க வேண்டும் என்பதை வீட்டிலேயே இரண்டு வார்த்தைகளில் சொல்லிக் கொடுக்கட்டும். கைக்குழந்தை விடாது அழுதால், அதனைத் தூக்கிக்கொண்டு சற்று வெளியே செல்வதில் எந்த இழுக்கும் இல்லை. மிம்பரிலிருந்தே இறங்கி வந்த நபியின் உம்மத்தினர் நாம். பிள்ளையின் கையில் கைத்தொலைபேசியைக் கொடுத்து வாயை அடைப்பது பயிற்சியாகாது. சத்தம் அடங்கும், ஒழுக்கம் வராது. பிள்ளை பிறருக்குத் தொல்லை கொடுத்துவிட்டால், பிள்ளையின் முன்னிலையிலேயே தந்தை சென்று வருத்தம் தெரிவிக்கட்டும். அதனைப் பார்க்கும் பிள்ளை ஒரு வருடப் பாடத்தை ஒரு நிமிடத்தில் கற்றுக்கொள்ளும்.

வாலிபர்களே! உங்களுக்கும் இதில் பங்குண்டு. வீதியோரத்தில் அமர்ந்தே தீர வேண்டுமாயின் வீதிக்குரிய உரிமையைக் கொடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பிறருக்குத் துன்பம் தராதிருப்பதை அவ்வுரிமைகளில் ஒன்றாக எண்ணினார்கள். ரமழான் இரவுகளில் தெருவில் கூச்சலிடுவதும், பெருநாளன்று மோட்டார் சைக்கிள்களை இரைச்சலுடன் ஓட்டுவதும் அவ்வுரிமையைப் பறிப்பதாகும். நம் நாட்டில் பல ஊர்களில் நமது வீட்டுச் சுவருக்கு அப்பால் வாழ்பவர் வேறு மார்க்கத்தவராக இருப்பார். நமது குர்ஆனை அவர் ஓதியிருக்கமாட்டார். நமது பிள்ளைகளின் நடத்தையை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்கிறார். உங்கள் தம்பி தங்கையர் வாப்பாவைவிட உங்களையே அதிகம் பின்பற்றுகிறார்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

பெரியவர்களே, பள்ளிவாசல் நிருவாகிகளே! பிள்ளையைத் திருத்துங்கள், ஆனால் சபையில் வைத்து அவமானப்படுத்தாதீர்கள். முதலில் பெயரைக் கேளுங்கள், பிறகு காரணத்தைக் கேளுங்கள், அதன் பின்பு சொல்லுங்கள். இரைச்சலிடும் சிறுவனிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். குர்ஆன் பிரதிகளை அடுக்கி வைக்கவும், நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம் பங்கிடவும் அவனைப் பழக்குங்கள். உரத்த குரல் கொண்டவன் அபூ மஹ்தூராவின் வழியில் வரக்கூடியவனாகவும் இருக்கலாம்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளை எங்களுக்குக் கண்குளிர்ச்சியாகவும், அயலாருக்கு நிம்மதியாகவும், உன் இல்லங்களுக்கு உயிர்ப்பாகவும் ஆக்குவாயாக! அவர்களைப் பழக்கும் பொறுமையை எங்களுக்கும், அவர்களைப் பொறுத்துக்கொள்ளும் விசாலத்தை எங்கள் சமூகத்துக்கும் தந்தருள்வாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.